மறைய வேண்டிய கோடு

மார்ச் 3, திங்கள்

எழுத்து ஏறியும் இறங்கியும் போகிறது. படிக்கப்போவது நான் மட்டும்தான்; என்றாலும் என் கண்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். போன வருஷம்வரை கைநாட்டு. இப்போது ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும்.

ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவுவது என் வேலை. தங்கச்சி மகள் அங்கேதான் ஆராய்ச்சி செய்கிறாள். இன்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: ரிசெப்டர் டைரோசின் கைனேஸ். நடுவில் இளைப்பாறிவிட்டுத்தான் முடித்தேன். செல்லின் வாசலில் நிற்கும் காவல்காரனாம். வெளியிலிருந்து சேதி வந்தால் உள்ளே சொல்வானாம். சில புற்றுநோய்களில் சேதி வராமலேயே கத்திக்கொண்டிருப்பானாம். நம் வீட்டுக் காலிங்பெல்லும் அப்படித்தான்.

மார்ச் 5, புதன்

ஆன்டிபாடி என்று ஒன்று. அது காவல்காரனைத் தேடிப் பிடிக்கும். பிடித்தால் பரிசோதனைப் பட்டையில் அந்த இடத்தில் கறுப்புக் கோடு விழும். அவளுடைய மூன்று வருஷ உழைப்பும் அந்தக் கோட்டை நம்பித்தான். இப்போது ஆய்வேட்டைப் பார்த்தவர்கள், அது அவனைத்தான் பிடிக்கிறது என்று என்ன நிச்சயம் என்று கேட்டுவிட்டார்கள். பொய்யென்றால் மூன்று வருஷமும் போச்சு.

"மோப்ப நாய்னு வெச்சுக்கங்க மாமா. திருடன் சட்டைத் துண்டை மோந்து பழகின நாய். வாய் நிறைய அதே துணியைத் திணிச்சுட்டா அவனைக் கவ்வ முடியாதில்ல? அந்தத் துணிதான் பெப்டைடு, காவல்காரனோட சின்னத் துண்டு. அதைச் சேர்த்தா கோடு மறையணும்."

"பிடிக்கத்தானே நாய் வளர்த்தே? வாயை அடைச்சா என்ன லாபம்?"

"அப்பவும் கவ்வுச்சுன்னா வேற யாரையோ கவ்வுதுன்னு அர்த்தம். போய்க் குடுவையைக் கழுவுங்க மாமா."

கழுவினேன். இத்தனை நாள் கோடு விழ வேண்டும் என்றாள். இப்போது விழக்கூடாது என்கிறாள். எது?

மார்ச் 7, வெள்ளி

கம்ப்யூட்டரில் இரண்டு பட்டைகள். ஒன்றில் ஆன்டிபாடி மட்டும். மற்றதில் பெப்டைடும் சேர்ந்தது. இரண்டிலும் கோடு.

"ரெண்டுலயும் பளிச்சுனு விழுந்திருக்கே, கைராசிக்காரி" என்றேன். பக்கத்தில் நின்ற அவளுடைய பேராசிரியருக்குக் கைகூடக் கொடுத்துவிட்டேன். அவர் என் கையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். இவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"மறையணும்னு சொன்னேனே மாமா. மறையணும்."

மார்ச் 8, சனி

அவள் சாப்பிடவில்லை. தங்கச்சி என்னை முறைக்கிறாள். நான் என்னடா பண்ணினேன்?

மார்ச் 10, திங்கள்

தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டாள். ஆன்டிபாடியைப் பழக்கியது காவல்காரனின் வால் துண்டைக் காட்டி. இவள் வாங்கிய பெப்டைடோ தலைத் துண்டு. தலைத் துணியைத் திணித்தால் வாலைத் தேடும் நாய் எதற்கு நிற்கும்?

"பேரைப் பார்த்து வாங்கிட்டேன் மாமா. எந்தத் துண்டுன்னு பார்க்கல."

தன்னைத் தானே திட்டிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரிக்கலாமா என்று தெரியாமல் இருமினேன். வால் துண்டுக்குச் சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 19, புதன்

வால் துண்டு போட்டாயிற்று. கோடு மறைந்துவிட்டது. வெறும் வெள்ளை. ஆனால் அதற்குக் கீழே எப்போதும் மெல்லிசாக விழும் இன்னொரு கோடு அப்படியே நிற்கிறது.

"மேல இருந்தது அசல். கீழ இருக்கிறது வேற எதுவோ" என்றார் பேராசிரியர்.

கீழ்க் கோடும் காவல்காரன்தான் என்று நம்பி இவள் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறாளாம். அப்படியானால் ஜெயித்தோமா தோற்றோமா? இந்தத் தடவை கையைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டேன்.

மார்ச் 22, சனி

"நல்லதா கெட்டதா அண்ணா, ஒண்ணும் விளங்கலையே?" என்றாள் தங்கச்சி.

"எனக்கும்தான். ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. அதை வெச்சுப் பாரு."

இப்போது எனக்கு எதிரே உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை அடித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்துக்கு ஒரே கோடு, மூலையிலிருந்து மூலைக்கு. வாயில் ஏதோ பாட்டு. என்னால் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு பக்கமும் எனக்கு ஒரு மாச வேலை.

"இவ்வளவு எழுதிட்டு அடிக்க மனசு வருதாம்மா?"

"மிச்சத்தை இனிமே யாரும் அசைக்க முடியாது மாமா."

நான் இதுவரை ஒரு எழுத்தையும் அடித்ததில்லை. கோணலாக விழுந்ததும் தப்பாக விழுந்ததும் அப்படியே கிடக்கின்றன. பெற்ற பிள்ளைகள் மாதிரி. அடுத்த வாரம் எழுத உட்காரும்போது ஒன்றே ஒன்றை அடித்துப் பார்க்கிறேன்.