முந்நூற்று எண்பத்து நான்கு பிரேக் ஷூக்கள்

18 நவம்பர் 2025, செவ்வாய். மாலை 5.10. எண்ணிக்கை: 384.

இரண்டு முறை எண்ணியாகிவிட்டது. ஸ்கூட்டர் பின்சக்கர பிரேக் ஷூ, 384. மூன்று மணி லாரியில் போய்விட்டன. பார்த்துக்கொண்டு நின்றேன்.

காலையில் பனி. பஸ் ஸ்டாண்டிலிருந்து சிப்காட் வரை பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ஸ்வெட்டர் வாங்க வேண்டும்.

நடந்தது:

8.30. ஓவன் வெப்பநிலைத் தாளில் நாள் முழுவதற்கும் ரீடிங் எழுதி முடித்தேன். மணிக்கொரு முறை போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. காலையிலேயே மொத்தமாக எழுதிவிடுவது இங்கே வழக்கம், மூன்று ஷிஃப்டிலும். 182, 184, 183, 185. ஒரே எண்ணாகப் போட்டால் ஆடிட்டர் பிடிப்பான், அதனால் ஒன்றிரண்டு மாற்றிப் போட வேண்டும். சேர்ந்த முதல் வாரத்தில் கற்ற தொழில்நுட்பம் இது. நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்ததற்கு.

11.40. கரண்ட் போய் வந்தது. நான் கேன்டீனில். இது ஆலையில் தர மாதம்; வெள்ளிக்கிழமை அதற்கான க்விஸ், தலைப்பு வாகன வரலாறு. எங்கள் க்வாலிட்டி பிரிவுக்கு நான் கேப்டன். மனப்பாடம் செய்தவை:

- கண்ணாடி வைப்பர்: பனிநாளில் டிராம் ஓட்டுநர் படும் பாட்டைப் பார்த்த ஒரு பெண். காப்புரிமை வாங்கினார். கம்பெனிக்காரர்கள் வேண்டாம் என்றார்கள்.
- பின்பார்க்கும் கண்ணாடி: காரில் வருவதற்கு முன்பே, பெண்கள் கைக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியவர் ஒரு பந்தய ஓட்டுநர். அவரும் பெண்.
- க்ரூஸ் கன்ட்ரோல்: கண் தெரியாத எஞ்சினியர். பக்கத்தில் ஓட்டியவர் பேசினால் வேகம் குறையும், பேச்சை நிறுத்தினால் கூடும். கடுப்பாகிக் கண்டுபிடித்தது.

12.05. முனிரத்னம்மா கேன்டீனுக்கே வந்தார். ஓவன் ஓட்டுபவர். பேரிகை ஊர்க்காரர். ஏழு வருடமாக கான்ட்ராக்ட்.

"சார், ஓவன் நூத்தி நாப்பதுலயே நிக்குது. ஏறவே மாட்டேங்குது."

"ஏறிடும்கா. ஓட்டுங்க."

"ஒரு வாட்டி வந்து பாருங்க சார்."

"நிறுத்துனா டார்கெட் யார் குடுக்கறது? ஓட்டுங்கன்னா ஓட்டுங்க."

க்விஸ் தாளிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

1.45. போனேன். மூன்று ஹீட்டரில் ஒன்று செத்திருந்தது. இருபது நிமிட வேலை, சரியாகிவிட்டது. அதற்குள் 384 ஷூ உள்ளே போய் வெளியே வந்திருந்தன. ஷூவில், சக்கரத்தை உரசி நிறுத்தும் லைனிங் பட்டையைப் பிடித்து வைப்பது பசை. அது 180 டிகிரியில்தான் இறுகும். 140-லும் ஒட்டியது போலத்தான் தெரியும்.

தாளில் 12 மணிக்கு 183. 1 மணிக்கு 184. என் கையெழுத்து. இந்த 384 ஷூ லாட்டை நிறுத்து என்றால் தாள் பொய் என்று நானே சொன்ன மாதிரி. டிசம்பரில் எனக்கு வேலை கன்ஃபர்மேஷன். வாயைத் திறக்கவில்லை.

19, புதன்

தூறல். மெஸ்ஸில் மறுபடி சேமியா உப்புமா.

ஒவ்வொரு லாட்டோடும் கூடுதலாக நான்கு ஷூ ஓவனில் போகும்; அவை சாம்பிளாக எங்களிடம் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில், ஆள் இல்லாதபோது, லைனிங் எவ்வளவு பலம் தாங்கும் என்று பார்க்கும் இழுவை மெஷினில் போட்டேன். முதல் இரண்டு தாங்கின. மூச்சு வந்தது. மூன்றாவது, பாதி பலத்தில் கழன்றது. நான்காவதை மெஷினில் வைக்கவே தேவையிருக்கவில்லை. கட்டை விரலால் நெம்பினேன். கல்லிலிருந்து தோசை வருவது போல வந்தது.

அப்படியென்றால் 384-ல் பாதி. பாதி என்று எப்படிச் சொல்வது, நான்கை வைத்து? முட்டாள் கணக்கு. ஒன்றே ஒன்று என்றாலும் ஒருவன் சூளகிரி இறக்கத்தில் பிரேக் பிடிக்கப்போகிறான், பின்னால் மனைவி, நடுவில் பிள்ளை.

மாலை க்விஸ் ஒத்திகை. நாகராஜ் சார் கேட்டார். க்வாலிட்டி தலைவர், கன்னடக்காரர், எனக்கு நேர் மேலே. முதல் பிரேக் லைனிங் எது? சொன்னேன்: முதன்முதல் நெடுந்தூரம் கார் ஓட்டியது அந்தக் காரைச் செய்தவரின் மனைவி, புருஷனிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு. எரிபொருள் வாங்கியது மருந்துக் கடையில். குழாய் அடைப்பு எடுத்தது தொப்பி ஊசியால். இறக்கத்தில் மரக்கட்டை பிரேக் தேயத் தேய, வழியில் செருப்புத் தைப்பவரை நிறுத்தித் தோல் அடிக்கச் சொன்னார். அதுதான் முதல் லைனிங்.

"சூப்பர் அருளு! கப்பு நமக்குத்தான்."

அந்த அம்மாள் தேய்வதைப் பார்த்தார், வண்டியை நிறுத்தினார். அவ்வளவுதான் விஷயம். வேறு என்ன இருக்கிறது இதில்?

அம்மா போன், கிருஷ்ணகிரியிலிருந்து. "பர்மனென்ட் ஆயிடுச்சான்னு பங்குச் சாமியார் கேக்கறாருடா. பூசையில உன் பேர் சொல்லியிருக்கேன்." டிசம்பர்மா என்றேன். தூக்கம் இல்லை.

20, வியாழன்

வந்துவிட்டது. அத்திப்பள்ளி தாண்டி இருக்கும் ஸ்கூட்டர் ஆலையிலிருந்து மெயில். பெட்டி பிரிக்கும்போதே ஒரு ஷூவில் லைனிங் கழன்றிருக்கிறது. லாட்டைத் தனியாக வைத்திருக்கிறார்கள். விளக்கம் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள்.

நாகராஜ் சார் தாளைப் புரட்டினார். "183, 184. ஓவன் பக்கா. அப்ப ஆபரேட்டர் லைனிங்கை அழுத்திப் பிடிக்கற க்ளாம்ப் சரியா போடல. சிம்பிள்."

"சார், அந்த ரீடிங் காலையிலயே எழுதுனது. ஓவன் நூத்தி நாப்பதுல ஓடிச்சு."

கதவைச் சாத்தினார்.

"ஏனப்பா, நீ ஒருத்தன்தான் எழுதறியா? மூணு ஷிஃப்டும் எழுதறாங்க. உன் ஒரு தாளை உருவினா மொத்த ஃபைலும் வரும். அப்புறம் ஆர்டரே இல்ல, இங்க இருக்கற முன்னூறு பேரும் வீட்டுக்கு."

"சாம்பிள் ரெண்டு கழண்டுச்சு சார்."

"எங்க சாம்பிள்?"

கொடுத்தேன். கொடுத்தேன்! ஸ்கிராப் தொட்டியில் போட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். மாலைக்குள் தாளின் நகலும் விளக்கமும் போய்விட்டன. பதில்: திருப்தி. நாளை மதியம் 12 மணி ஷிஃப்டில் லாட் அவர்கள் ஸ்கூட்டர் பூட்டும் லைனில் ஏறும்.

முனிரத்னம்மாவை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டான். கேட்டில் நின்றிருந்தார், சாப்பாட்டுப் பை கையில்.

"அக்கா, நான்..."

"நீங்கதான் ஓட்டச் சொன்னீங்கன்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல சார். சொன்னா மட்டும்? பேப்பர்ல நூத்தி எம்பத்தி மூணு இருக்குதே. பேப்பரா, முனிரத்னமா?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ரெண்டு நாளா கார் கதையே படிச்சீங்களே. ஓவனை நிறுத்தற கதை ஒண்ணுகூட இல்லியா அதுல?"

பஸ் வந்தது. ஏறிவிட்டார். பக்கத்தில் நின்ற ஒருவன் சிரித்தான். அவனை அடித்திருப்பேன்.

அறையில் உட்கார்ந்து கணக்கு. ஸ்கூட்டருக்கு இரண்டு ஷூ. 384-க்குக் கிட்டத்தட்ட நூற்றுத் தொண்ணூறு ஸ்கூட்டர். லைனில் ஏறி வெளியே போய்விட்டால் எந்த ஊரில் எது என்று ஒருவனும் தேட மாட்டான். தேடச் சொல்ல ஆளே இருக்காது.

21, வெள்ளி. காலை 11.20

ஸ்டோர் பின்னால் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே பரிசளிப்பு.

10 மணிக்கு க்விஸ். கடைசிக் கேள்வி: இங்கிலாந்தில் ஆரம்ப காலத்தில் மோட்டார் வண்டிக்கு முன்னால் ஒருவர் நடந்து போக வேண்டும் என்று சட்டம். கையில் என்ன?

"சிவப்புக் கொடி" என்றேன்.

கைதட்டல். நாகராஜ் சார் மைக்கில்: "நம்ம அருள், நம்ம க்வாலிட்டி, ஜீரோ டிஃபெக்ட்!" எல்லாரும் எழுந்து தட்டினார்கள். பரிசு கொடுக்கும் முன்பே வெளியே வந்துவிட்டேன்.

முன்னூறு பேர் வீட்டுக்கு என்கிறார். உண்மையாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. நூற்று நாற்பது டிகிரி எனக்குத் தெரியும்.

செய்ய வேண்டியவை:

1. ஓவன் கன்ட்ரோலர் மெமரியில் செவ்வாய்க்கிழமையின் உண்மையான வெப்பநிலை கிராஃப் இருக்கும். தாளோடு சேர்த்துப் படம் எடுப்பது.
2. நாகராஜ் சாரிடம் சொல்வது. அனுமதி கேட்க அல்ல, தகவலாக.
3. ஸ்கூட்டர் ஆலை இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போன். நம்பர் மெயிலின் அடியில். லாட்டை ஏற்றாதீர்கள், தாள் பொய், எழுதியது நான், பெயர் அருள்.
4. ஓட்டச் சொன்னது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு கான்ட்ராக்டரிடம் ஒன்று, முனிரத்னம்மாவிடம் ஒன்று. பேரிகை பஸ் 2 மணிக்கு.
5. அம்மாவுக்கு என்ன சொல்வது, தெரியவில்லை.
6. வரிசை தப்பு. மணி 11.31. 12-க்கு லாட் லைனில் ஏறிவிடும். முதலில் 3.