வளைவு தாண்டும்வரை

என்றும் என் அன்புக்கும், அடிக்கடி என் கோபத்துக்கும் உரியவருக்கு,

மலையில் நல்ல மழை. மிளகு நன்றாகப் பிடித்திருக்கிறது. நம் மகள் சாந்தி பெங்களூரிலிருந்து கம்ப்யூட்டரோடு விடுமுறைக்கு வந்திருக்கிறாள். சிரிக்காமல் கேளுங்கள்: நான் அதில் விளையாடுகிறேன்.

மந்திரவாதிகளும் பூதங்களும் உலாவும் ஒரு கற்பனை நாடு. எந்தத் திசையிலும் நடக்கலாம். சண்டை எனக்கு ஆகாது. அதனால் மலைச்சரிவில் இடிந்து கிடந்த ஒரு பண்ணைக்குள் போனேன். கூரை சரிந்த தொழுவம், வறண்ட தண்ணீர்த் தொட்டி, சுவரெல்லாம் கொடி. மாடுகளை விற்றபின் நம் தொழுவமும் இப்படித்தான் கிடக்கிறது. அந்தப் பக்கம் நான் போவதே இல்லை.

அங்கே ஒரு குதிரை மட்டும் மிஞ்சியிருந்தது. அதை வெளியே கூட்டி வரச் சொன்னாள் சாந்தி. நான் முன்னால் நடந்தேன். வாசலைத் தாண்டியதும் கேட்டைச் சாத்திவிட்டேன்.

"ஏம்மா சாத்துனீங்க? குதிரை உள்ளயே நிக்குதுங்க!"

"திறந்த கதவைச் சாத்தணும். கான்வென்ட்டுல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"குதிரை கான்வென்ட்டுல படிக்கலீங்கம்மா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் வீட்டு வழக்கம் நினைவுக்கு வந்தது. ஊருக்குப் போகிறவர் ஏறிய பஸ் முதல் வளைவைத் தாண்டும்வரை வாசலின் மூங்கில் படலைச் சாத்தக் கூடாது. சாத்தினால் திரும்பி வராதே என்று சொன்னது போல. நான் அதை ஒரு நாளும் மதித்ததில்லை. "ஏனுங்க கான்வென்ட்டு, தொலைஞ்சான்னு சாத்தறீங்களா?" என்று ரோட்டில் நின்று கேலி செய்வீர்கள்.

நீங்கள் சேலம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட காலையிலும் சாத்தினேன். இரண்டே நாள் பரிசோதனை என்றார்கள். துணைக்கு உங்கள் தம்பி வந்தார். ஆடு உள்ளே வந்து செடியை மேய்ந்துவிடுமே என்ற நினைப்பு எனக்கு. வேறொன்றுமில்லை. அன்று மட்டும் நீங்கள் கேலி செய்யவில்லை. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தீர்களா? பார்த்து என்ன நினைத்தீர்கள்?

மூன்றாம் நாள் உங்களை வெள்ளைத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரி வேனில் கொண்டுவந்தார்கள். படலை யாரோ திறந்தார்கள்.

நான் திரும்பிப் போய் அந்தப் பண்ணையின் கேட்டைத் திறந்தேன். குதிரை நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. என்னை உரசிக்கொண்டு வெளியே வந்தது. நல்ல விளையாட்டுதான், செய்த பிழையைத் திருத்த விடுகிறது.

திங்கட்கிழமை சாந்தி கிளம்புகிறாள். உங்கள் வழக்கத்தை நான் இன்றும் நம்பவில்லை. ஆனாலும் அவள் பஸ் வளைவு தாண்டும்வரை படலைத் திறந்து பிடித்தபடி நிற்பேன். ஆடு வந்தால் மேயட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கான்வென்ட்டு மனைவி