கிளிமூக்கும் ஒரு மாஸ்க்கும்

மார்ச் 4, திங்கள்

மெஷின் வந்துவிட்டது. தூக்கத்தில் மணிக்கு நாற்பது தடவை எனக்கு மூச்சு நின்றுபோகிறதாம். இத்தனை வருஷமாக அதைக் குறட்டை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தால் மெஷின் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும், மூச்சு நிற்காது. கம்பெனி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இன்றிலிருந்து முப்பது இரவுகள். அதில் இருபத்தோரு இரவாவது நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் மாட்டியிருக்க வேண்டும். மெஷினே கணக்கு வைத்துக்கொள்ளும். தேறினால் மறுபடி கிரேன். இல்லையென்றால் தரைதான்.

அவரைக் குறை சொல்ல முடியாது. போன மாதம் சிலாப்பை இறக்கிக்கொண்டிருக்கும்போது மேலே கேபினில் கண் அசந்துவிட்டேன். மூன்று விநாடி இருக்குமா? கீழே சைகை காட்டுகிறவர் சட்டென்று குனிந்ததால் பிழைத்தார். இன்றும் என்னைப் பார்த்தால் சிரிக்கத்தான் செய்கிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மாட்டிப் பார்த்தேன். சின்னவள், 'அப்பாவுக்குத் தும்பிக்கை!' என்று கை தட்டினாள். மனைவி சிரிக்கவில்லை.

மார்ச் 6

ஒரு மணி பத்து நிமிடம்தான் மாட்டியிருக்க முடிந்தது.

மார்ச் 8, வெள்ளி

எல்லாம் இந்த மூக்கால். நடுவில் மேடு, நுனியில் வளைவு. சைட்டில் எனக்குக் 'கிளி' என்றே பேர். உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பேர் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மாஸ்க் அந்த மேட்டில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் சந்து விழுகிறது. காற்று சீறிக்கொண்டு நேரே கண்ணுக்குள் போகிறது. வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க்கையும் வாங்கிப் போட்டுப் பார்த்தாயிற்று. அதே கதைதான்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். இருபத்திரண்டு வருஷமாகச் சரக்கைக் கட்டித் தூக்குகிறவன். கட்டு ஆடினால் இறுக்கு. பட்டையை இன்னும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

மூக்குத்தண்டில் தோல் உரிந்து புண். மருந்துக் கடைக்காரர் பார்த்துவிட்டு, 'யார் கூட சண்டை?' என்றார். ஆறுகிற வரைக்கும் மாஸ்க் பக்கமே போகாதீர்கள் என்று களிம்பு கொடுத்தார். எட்டு இரவு போச்சு. ஒன்றில்கூட நாலு மணி நேரம் தேறவில்லை. இனி எங்கே?

வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகளிடம் எரிந்து எரிந்து விழுகிறேன். பெரியவன் நான் இருக்கிற அறைக்கே வருவதில்லை.

மார்ச் 14

காலையில் மனைவி கன்னத்தில் நீளமாக ஒரு தடம். கேட்டால் 'தலகாணி மடிப்பு' என்கிறாள். நேற்றும் இருந்ததே? துடைத்து வைக்கிறேன் என்று ஹாலுக்கு எடுத்துப்போன மெஷினை இன்னும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

மார்ச் 16, சனி

புண் ஆறிவிட்டது. மாஸ்க் பொருத்தித் தருகிற பெண்ணிடம் போனேன். ரிப்போர்ட்டைத் திறந்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. 'கடைசி நாலு நாள் பிரமாதம் சார்! காத்து கசியவே இல்ல. மூச்சு ஒரு தடவகூட நிக்கல. எப்படி மாட்டினீங்களோ, அப்படியே மாட்டுங்க.'

அந்த நாலு நாளும் நான் மாஸ்க்கைத் தொடவே இல்லை.

பழையபடி மாட்டிக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, காற்றை ஓடவிட்டு, பட்டையைத் தளர்த்தினார். 'உக்காந்து பாத்தா சரியாத்தான் இருக்கும். படுத்தா முகம் மாறிடும். இறுக்க இறுக்க ரப்பர் மடங்கி இன்னும் கசியும் சார். அது காத்துல உப்பித் தானா ஒட்டணும்.' கடைசியில் மேட்டைத் தொடாமல் மூக்குத் துவாரத்துக்குக் கீழே மட்டும் உட்காருகிற சின்ன மாஸ்க் ஒன்று நின்றது. தளர்த்தினால் நிற்கும் என்று இந்த வயசில்தான் கேள்விப்படுகிறேன்.

வீட்டுக்கு வந்து இவளிடம் கேட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். சீறினாள். 'ஆமா, நான்தான் மாட்டிக்கிட்டுப் படுத்தேன். என்ன இப்போ? கீழ இருந்தா நீங்க நீங்களாவா இருக்கீங்க? பிள்ளைங்க உங்க கிட்ட வரவே பயப்படுதுங்க.'

உண்மைதானே.

மார்ச் 17

ஆறு மணி நேரம்! விடிந்ததே தெரியவில்லை. சந்தோஷப்பட வேண்டும்.

மார்ச் 25, திங்கள்

நேற்று சளி, மாட்ட முடியவில்லை. மற்றபடி தினமும் ஓடுகிறது. காலைத் தலைவலி போயே போய்விட்டது.

விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். மிச்ச நாள் எல்லாம் ஒழுங்காகப் போனால், இவளுடைய நாலையும் சேர்த்துச் சரியாக இருபத்தொன்று. சேர்க்காவிட்டால் பதினேழு. இப்போதுதான் நன்றாகத் தூங்குகிறேனே, யாருக்கு என்ன கெடுதல்? அப்படியே விட்டுவிடலாம். விடலாமா? அந்த மனுஷன் குனிந்தது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

ஏப்ரல் 3, புதன்

கிளம்பும்போது இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். 'அங்க போய் வாயத் தொறக்காதீங்க.'

டாக்டர் பார்த்தார். 'இருபத்தொண்ணு. தேறிட்டீங்க' என்று பேனாவைத் திறந்தார். நானும் வாயைத் திறந்துவிட்டேன். 'அந்த நாலு நாள் என்னோடது இல்ல சார்.'

யாருடையது என்று அவர் கேட்கவில்லை. என் மூக்கைப் பார்த்தார், பேனாவை மூடினார். முதலிலிருந்து முப்பது நாள் எண்ண வேண்டுமாம். சைட் மேனேஜர் அதுவரை கிரேனைச் சும்மா நிறுத்த முடியாது என்றுவிட்டார். நாளையே வேறு ஆள் ஏறுகிறார்.

இவள் தட்டை வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டாள்.

ஏப்ரல் 5, வெள்ளி

ஏழு மணி இருபது நிமிடம். துளிக் கசிவு இல்லை.

சைகை காட்டுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். தூக்கம் தெளிந்த கண்ணோடு நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.