ராவாத ஐந்து பற்கள்

பிப்ரவரி 9, ஞாயிறு

கேட்காமல் என் மகள் வினிதாவின் பல்லை ராவித் தேய்த்துவிட்டார்கள். ஓசூரில் புதிதாக வந்த ஒரு கிளினிக்கில், நேற்று. சொத்தை இல்லாத நல்ல பல். காவி உண்டு. ஊத்தங்கரைப் பக்கம் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த எங்கள் எல்லோர் பல்லிலும் உள்ள காவிதான்.

வினிதாவுக்குக் கம்பெனியில் புது ஆட்களுக்குப் பாடம் எடுக்கும் வேலை வந்திருக்கிறது. கூட்டத்தின் முன் வாய் திறக்க வேண்டும். சுத்தம் செய்யத்தான் போனாள். முன்பல் ஆறில் ஒன்று குச்சியாகி, மேலே தற்காலிக உறையோடு வந்தாள். காவியை மறைக்க உறை போட, மீதி ஐந்தையும் சனிக்கிழமை ராவுவார்களாம்.

"ஒண்ணு போச்சு, மத்ததும் அதே மாதிரி ஆயிடட்டும்ப்பா" என்கிறாள். கிரைண்டிங் மெஷினில் ஆயுள் முழுக்க நின்றவன் நான். ராவியது திரும்ப வளராது. விடமாட்டேன்.

பிப்ரவரி 10

சண்டை. "பல்லு என்னோடது. நின்னு பேசப் போறது நீ இல்ல." என்றாள் வினிதா.

பிப்ரவரி 11

காவி மேலேதானே இருக்கிறது? பாலிஷில் போகும் என்று காட்டினால் அடங்குவாள். பட்டறையில் அளவு பார்க்கும் இரும்புக் கட்டைகளைப் பளபளப்பாக்கும் வைரப்பொடி பேஸ்ட் அலமாரியில் கிடந்தது. துணியில் தொட்டு என் முன்பல்லில் தேய்த்தேன். கண்ணாடி போல மின்னியது.

காவியும் சேர்ந்து மின்னியது.

பிப்ரவரி 12

மண்டைவரை கூசுகிறது. "என்னாப்பா, மோரைச் சுட வைக்கச் சொல்ற?" என்றாள். சொல்லிவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டாள். "கெளம்பு, வேற டாக்டரப் பாக்கலாம். உனக்குத்தான்."

பிப்ரவரி 14, வெள்ளி

கிருஷ்ணகிரி போனோம். பல் டாக்டர் நிர்மலா.

"ஐயா, பல்லு இரும்பு இல்ல. இந்தக் காவி மேல ஒட்டினதும் இல்ல, பல்லு உருவாகும்போதே தண்ணியில இருந்த ஃபுளோரைடால உள்ள கலந்தது. நீங்க தேய்ச்சா பல்லுதான் தேயும்."

கூச்சத்துக்கு ஒரு நானோ பேஸ்ட். பல்லில் உள்ள தாதுவையே கண்ணுக்குத் தெரியாத பொடியாக்கியதாம், நுண்துளைகளை அடைக்குமாம். விளம்பரப் பேச்சா என்று கேட்டேன். "போட்டுப் பாத்துட்டு வந்து திட்டுங்க" என்றார்.

வினிதாவுக்கு, பல் நிறத்தில் மெல்லிய பூச்சு. நீல விளக்கு காட்டினால் இறுகும். ராவ வேண்டாம். அதிலும் நானோ துகள். "துகள் பெரிசா இருந்தா, உதிர்ந்ததும் சொரசொரன்னு ஆகி மங்கிடும். இது சீக்கிரம் மங்காது." அது எனக்குப் புரிந்தது.

"ராவின பல்லு?"

"அதுக்கு இனிமே உறைதான்." மழுப்பவில்லை.

"பூச்சு பிடிக்கலன்னா எடுத்துடலாமா?" — வினிதா.

"எடுக்கலாம். உள்ள உங்க பல்லு இருக்கும்."

வெளியே வந்ததும் அவளே கிளினிக்குக்குப் போன் போட்டு, சனிக்கிழமை வரமாட்டேன் என்றாள். பஸ்ஸில் ஓசூர்வரை தூங்கினேன். ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை.

மார்ச் 1, சனி

ஐந்து பல்லுக்கும் பூச்சு போட்டாயிற்று. ஜன்னல் வெளிச்சத்தில் டாக்டர் நிறம் பொருத்தினார். துளியும் ராவவில்லை, பக்கத்திலேயே நின்றேன். "இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுதாய்யா?" என்று சிரித்தார்.

முடிந்தது. பாஸ்.

மார்ச் 4

கூச்சம் குறைந்திருக்கிறது. முழுதாகப் போகவில்லை. திட்டுவதற்கில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இனி ஆக வேண்டியது:

ஓசூர் கிளினிக்காரர் ராவுமுன் படம் காட்டி, சொல்லி, சம்மதம் கேட்க வேண்டும். வினிதாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். புகார் போயிருக்கிறது, கேட்கும்வரை விடுவதாக இல்லை.

எங்கள் ஊர் ஊராட்சி, போர் தண்ணீரைச் சோதித்து முடிவைக் குழாயடியில் எழுதி வைக்க வேண்டும். பால்வாடிப் பிள்ளைகளுக்கு நல்ல தண்ணீர் தர வேண்டும்.

டாக்டர் நிர்மலா வருஷா வருஷம் பூச்சைப் பார்த்துப் பாலிஷ் செய்ய வேண்டும்.

நான் ஊருக்குப் போய், ஊராட்சியில் நேரில் கேட்க வேண்டும்.

வினிதா டீயைக் குறைக்க வேண்டும். பகலில் எடுத்த பாடத்தை, சாப்பிடும்போது எனக்கும் முதலிலிருந்து நடத்துவதை நிறுத்த வேண்டும்.

இல்லை — அதை மட்டும் அடித்துவிட்டேன்.