சாலையில் உன் பெயர்

அக்காள் பெற்ற சைக்கிள் சக்கரவர்த்தி லீவனுக்கு,

இந்தப் பருவத்திலும் நம் சைக்கிள் சங்கத்துக் கிழட்டுச் சிங்கங்கள் நாங்கள் எல்லாப் பந்தயத்திலும் தோற்று, பெல்ஜியத்தையே குலுக்கினோம்.

ஊக்கமருந்துச் சோதனையில் நீ சிக்கிய செய்தி வானொலியில் வந்ததும் ஒருவரும் உருளைக்கிழங்கு வறுவலைத் தொடவில்லை. இந்த நாட்டில் அது பிரளயம்.

நீ பந்தயத்தில் ஏறும்போது உற்சாகப்படுத்த, மேட்டுச் சாலையில் நான் வருடந்தோறும் வெள்ளையில் எழுதும் உன் பெயரை அழிக்கக் கறுப்புப் பெயின்டோடு போனேன். நம் சங்கத்தில் ஓட்டும் ரொட்டிக்கடை ஹில்டா மறித்தாள்.

“விடுங்கண்ணே! நாளைக்குப் பந்தயத்துல நாங்க மிதிச்சே அழிச்சிடுறோம். வெறும் தண்ணி குடிச்சிட்டு ஏறுற காலு இது!”

மறுநாள் ஏறினோம். அவள் உட்பட ஒருவர் சக்கரமும் உன் பெயர்மேல் படவில்லை. சாலையில் பிணம் கிடப்பதைப் போல எல்லோரும் ஒதுங்கிப் போனார்கள். நான் இறங்கியே நடந்தேன். மூச்சிரைப்பு என்று சொல்லிக்கொண்டேன்.

பெயின்ட் டப்பா திறக்காமல் இருக்கிறது. நீயே வந்து அழி.

உன் மாமன்