தலைப்பிலேயே முடிந்துவிடும் உன் பதில்கள்

அந்தச் சின்னப் பெட்டி திரையில் மறுபடியும் வந்து நிற்கிறது. பாஸ்வேர்டு தவறாம். எழுத்தெழுத்தாக அடித்துப் பார்த்துவிட்டேன். இதே பாஸ்வேர்டை இணையப் பக்கத்தில் போட்டால் மெயில் திறக்கிறது. கம்ப்யூட்டரில் இருக்கும் மெயில் மென்பொருளில் போட்டால் மட்டும் என்னை யாரென்றே தெரியாதாம். மூன்று நாளாக, குழந்தை மதியம் தூங்கும் நேரமெல்லாம் இதற்கே போகிறது. ஆத்திரமாக வருகிறது. உன் மேலும்தான். இதெல்லாம் தெரிந்தவள் நீ ஒருத்தி, பாதியில் போய்விட்டாய்.

என் இலவச மெயில் கணக்கை மாதக் கடைசியில் மூடப் போகிறார்கள். நீ எழுதியதெல்லாம் அதில்தான் கிடக்கிறது. அதற்குள் இங்கே இறக்கிக்கொள்ளாவிட்டால் அதுவும் இல்லை. ஹிஞ்சேவாடி ஆபீஸிலிருந்து இவர் போனில், "பழைய மெயில்தானே, விடேன்" என்கிறார். எதை விடுவது?

உன் வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்து நீ புனேயில் எங்கள் வானவடிப் பக்கத்தை விட்டுப் போனபோது மகள் கைக்குழந்தை. அவள் தும்மினாலும் நான் உனக்கு மெயில் அனுப்புவேன். அப்போது டெலிபோன் லைனில் இன்டர்நெட் வரும் டயல்-அப் காலம். ஒரு மெயில் திறப்பதற்குள் லைன் போய்விடும். அதனால் பதில் முழுவதையும் நீ, திறக்காமலே தெரிகிற தலைப்பிலேயே எழுதிவிடுவாய்.

"ஏண்டி, உள்ள ஒண்ணுமே இல்லையே?" என்று ஒருமுறை போனில் கேட்டேன்.

"பதறிக்கிட்டு நிக்கிறவ உள்ள வந்து வேற படிப்பியாக்கும்? அதான் வாசல்லயே சொல்லிட்டேன்."

வாசல் என்று எழுதியதும்தான் இன்னொன்று ஞாபகம் வருகிறது. உன் வீட்டுக் கம்ப்யூட்டரில் நீ இதையே அமைத்தபோதும் இந்தப் பெட்டி வந்தது. நீ சிரித்தாய். "தாழ்ப்பா உள்பக்கம் இருக்குடி. வெப்ல செட்டிங்ஸ்க்குப் போய், இவன உள்ள விடுன்னு டிக் போடணும். அதச் செய்யாம இங்க எவ்வளவு தட்டினாலும் பாஸ்வேர்டு தப்புன்னு பொய் சொல்லுவான்."

போய்ப் பார்த்தேன். செட்டிங்ஸின் அடியில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. மூன்று நாள் என்னைப் படுத்தியது அவ்வளவுதான். டிக் போட்டேன்.

இறங்குகிறது. வரிக்கு வரி உன் பெயர், பக்கத்தில் ஆங்கில எழுத்தில் உன் தமிழ். 'தும்மல் வியாதி இல்ல.' 'எடை பாக்குற மெஷின பரண்ல போடு.' 'நீ சாப்டியா மொதல்ல.' 'காய்ச்சல்னா ஸ்வெட்டர கழட்டு, மேல மேல போத்தாத.' எல்லாவற்றுக்கும் கடைசியாக, ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியது: 'எனக்கு ஒண்ணும் இல்ல, நீ பயப்படாத.'

இத்தனையில் அந்த ஒன்றுதான் பொய். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான், அதற்கு மட்டும் பயப்படாமல் இருந்துவிட்டேன்.

உள்ளே மகள் இருமுகிறாள். உடம்பு லேசாகச் சுடுகிறதே என்று காலையில் இரண்டு ஸ்வெட்டர் மாட்டிவிட்டிருந்தேன். கழற்றப் போகிறேன்.