நீலம் காய்வதற்குள்

மேட்டுக்காடு, ஓமலூர்
ஈசுவர வருஷம், கார்த்திகை மாதம்

பட்டணத்தில் இருக்கும் மாப்பிள்ளை அருணகிரி அவர்களுக்கு ராசாத்தியின் அம்மாயி, அவள் தாயைப் பெற்ற பெருமாயி எழுதுவது. உங்கள் இருவருக்கும் மாரியாத்தாள் ஒரு குறையும் வைக்கக் கூடாது. இங்கே நாங்கள் இருக்கிறோம்.

கோணல் எழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் வகுப்போடு நின்றவள் கை இப்படித்தான் ஓடும். எப்போதும் நான் சொல்லச் சொல்ல என் மகன் அங்கமுத்து எழுதுவான். இதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் மட்டும் வாசியுங்கள், ராசாத்தி கேட்க வேண்டாம்.

மழை பரவாயில்லை. சோளம் கதிர் வாங்கிவிட்டது. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. ராசாத்திக்குச் சீம்பால் என்றால் உயிர். கறந்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

நான் எதையும் மறக்கிறவள் இல்லை. கல்யாணப் பந்தியில் உங்கள் அத்தை என் பாயசத்தை நாக்கில் வைத்துவிட்டு, "வெல்லம் வெலை ஏறிப்போச்சுங்களா?" என்று கேட்டதுகூட அப்படியே இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் எழுதிவிட்டேன். அப்படிப்பட்டவளுக்கு ராசாத்தியின் வளைகாப்புக்கு மறுநாள் தான் பேசியது மறக்குமா?

வாசலில் முறத்தைக் கவிழ்த்து, அதன்மேல் நீங்கள் வர்ணத்தில் எழுதிய படத்தை வெயிலில் காய வைத்திருந்தீர்கள். நான் தண்ணீர்க் குடத்தோடு வந்தேன். பார்த்தால் ராசாத்தி. மூக்கு அவள் மூக்கு, நெற்றி அவள் நெற்றி. ஆனால் முகம் முழுக்க நீலமும் பச்சையும். உதடு சாம்பல். எனக்குக் கண் இருட்டிவிட்டது. குடத்தை அப்படியே அதன்மேல் கவிழ்த்தேன். நீங்கள் ஓடி வந்து, "இது அடிப்பூச்சுங்க அம்மாயி. காஞ்சதும் மேல மேல நெறம் ஏத்துவனுங்க" என்று பதமாகத்தான் சொன்னீர்கள். நான் கேட்டேனா? "உசுரோட இருக்கற புள்ளயப் பொணமா எழுதி வெச்சிருக்கியேடா! தேருக்குப் பொம்மை எழுதறவனுக்குப் புள்ளயக் குடுத்தம் பாரு!" என்றேன். வீட்டு மாப்பிள்ளையை, சொந்தபந்தம் அத்தனை பேர் நடுவில், டா போட்டேன். எங்கள் பங்காளி செங்கோடன் பெண்டாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு ஒரு நாள் இருக்கிறது.

போட்ட இலையில் கை நனைக்காமல் ராசாத்தியைக் கூட்டிக்கொண்டு ரயிலுக்குப் போனீர்கள். அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. நீலத் தண்ணீர் கறிவேப்பிலைப் பாத்திக்குள் ஓடியது. என் குதிங்காலில் அந்த நீலம் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் தேய்த்துக் கழுவும்போதுகூட நான் செய்ததுதான் சரி என்று இருந்தேன்.

போன வாரம் குதிருக்குப் பின்னால் கூட்டும்போது நீங்கள் விட்டுப்போன, படம் எழுதும் பலகை அகப்பட்டது. அடுப்பில் வைக்கலாம் என்றுதான் எடுத்தேன். அதில் ஒரு காகிதம், காகிதத்தில் நான். கொள்ளுப் புடைத்துக்கொண்டிருக்கிறேன். எப்போது எழுதினீர்களோ, எனக்குத் தெரியாது. ஒரு பக்கக் கன்னம் என் நிறம், வெயிலில் கறுத்த என் நிறமே. மறு பக்கம் அதே நீலம், அதே பச்சை. வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். முடித்த கன்னத்திலும் நீலம் எங்கேயும் போகவில்லை. தோலுக்கு அடியில் இருக்கிறது. அது இருப்பதால்தான் கன்னத்தில் குழி விழுந்திருக்கிறது, கண்ணுக்குக் கீழே நிழல் தங்கியிருக்கிறது. நீங்கள் சொன்னது அதுதானே? சாணி பூசிய சுவரைப் பார்த்துவிட்டு, வெள்ளையடிக்க விடாமல் வீட்டை இடித்தவள் போல ஆகிவிட்டேன். நான் உங்களைத் தூற்றிய அன்று என் முகம் உங்கள் பலகையில் பாதி முடிந்து இருந்திருக்கிறது.

இனி எழுதுவதுதான் ராசாத்திக்குத் தெரியக் கூடாதது. அவளைப் பெற்ற அன்றே என் மகள் ஆராயி போனாள் என்பது உங்களுக்குத் தெரியும். எப்படிப் போனாள் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. தலை என் மடியில் இருந்தது. முதலில் உதட்டில் வந்தது, பிறகு மூக்கின் ஓரம், பிறகு முகம் முழுக்க. நீங்கள் ராசாத்திக்கு வைத்த அதே நிறம் மாப்பிள்ளை. பிள்ளையைக் குளிப்பாட்டி அவள் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினார்கள், பார்க்க அவள் இல்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியை அந்த நிறத்தில் கண்டதும் நான் இந்தக் காலத்திலேயே இல்லை. இது சாக்கு இல்லை. பேசியது பேசியதுதான். உங்கள் முன்னால் தலை நிமிர்த்த எனக்கு முகம் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தலைப் பிரசவம் பிறந்த வீட்டில்தான் நடக்க வேண்டும். மார்கழி பிறந்துவிட்டால் அழைத்து வர முடியாது. அதற்குள் அவளைக் கொண்டுவந்து விடுங்கள். சேலத்து நர்சம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், முன்கூட்டியே வந்து தங்குவதாக ஒப்புக்கொண்டாள். ஸ்டேஷனுக்கு அங்கமுத்து வில்வண்டி கட்டிக்கொண்டு வருவான். என் கைச் சோறு வேண்டாம் என்றால் அவன் வீட்டில் சாப்பிடுங்கள். நான் எதிரில் வரமாட்டேன், புறக்கடையில் இருந்துகொள்கிறேன்.

தூரிகையும் வர்ணமும் எடுத்து வாருங்கள். அவளை மறுபடி எழுதுங்கள். நீலமே வையுங்கள், பச்சையே வையுங்கள். அது காயும்வரை கோழி மிதிக்காமல் நான் காவல் இருக்கிறேன்.

உங்கள் கைக்கு ஒரு குறையும் வராது. மாரியாத்தாள் பார்த்துக்கொள்வாள். ஆராயி முகத்தில் அந்த நீலத்துக்கு மேல் ஒரு நிறமும் வரவில்லை. இவள் முகத்தில் வரவேண்டும் மாப்பிள்ளை. நீங்களே இங்கே வந்து, என் கண் முன்னால் அதை ஏற்றிக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
தலை குனிந்து,
பெருமாயி